கைக்கு வாகாக ஒரு மட்டை

கிரிக்கெட் விதிப் புத்தகம் மட்டையை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கிறது. அகலம் 10.8 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கைப்பிடியையும் சேர்த்து நீளம் 96.52 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள் தடிமனுக்கும் வரம்பு கட்டின: அதிகபட்சம் 6.7 சென்டிமீட்டர், விளிம்பில் 4 சென்டிமீட்டர். அகலத்துக்கு வரம்பு வந்த கதை இன்னும் பழையது. 1771-ல் இங்கிலாந்தின் ஹாம்பிள்டன் அணிக்கு எதிராகத் தாமஸ் ஒயிட் என்பவர் ஸ்டம்புகளை முழுக்க மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு ஆட வந்தார். மூன்றே ஆண்டில் அதற்கு விதி எழுதப்பட்டுவிட்டது. இப்படி எல்லாவற்றுக்கும் அளவு வைத்திருக்கும் புத்தகம் எடையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. எத்தனை கிராம் தூக்குவது என்பது ஆடுபவர் பாடு.

ஆடுபவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தால், அது அப்பா, அம்மா, மாமா, கடைக்காரர் என்று எல்லோர் பாடாகவும் ஆகிவிடுகிறது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு எதையும் அளவாக வாங்கும் வழக்கம் கிடையாது. பள்ளிச் சீருடை இரண்டு அங்குலம் பெரிதாகத்தான் தைக்கப்படும். செருப்பு ஒரு எண் கூடுதல். சைக்கிள், கால் எட்டாத சைக்கிள். வளரும் பிள்ளை, அடுத்த வருடமும் ஆகும் என்பது கணக்கு. நடுத்தரக் குடும்பத்தின் நியாயமான கணக்குதான். பாவாடையை மடித்துத் தைக்கலாம். செருப்பில் பஞ்சு வைக்கலாம். மட்டையை மடிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

எங்கள் வீட்டில் இந்தச் சிக்கல் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்தது.

என் தம்பி 2004-ல் முதல் சம்பளம் வாங்கிய கையோடு செய்த முதல் காரியம், இங்கிலீஷ் வில்லோ மட்டை ஒன்று வாங்கியது. அம்மாவுக்குப் புடவை அடுத்த மாதம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த மட்டையோடு ஆடினான். ஆட்டம் அவனை மாவட்டத்துக்கு வெளியே அழைத்துப் போகவில்லை. கல்யாணம், வீட்டுக் கடன், இரவுப் பணி என்று ஒவ்வொன்றாக வர, மட்டை பழைய வேட்டியில் சுற்றிப் பரணுக்குப் போயிற்று. நாங்கள் இருப்பது கொச்சிக்குப் பக்கத்தில் களமசேரியில். 2025 பிப்ரவரியில் கேரளம் குஜராத்தைவிட இரண்டே ரன் முன்னிலை எடுத்து முதன்முறையாக ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டத்துக்குப் போனது. எச்.எம்.டி. ஜங்ஷன் டீக்கடையில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. அந்த ஏப்ரல் விடுமுறையில் என் மகள் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அவளுக்கு ஆதர்சம் ஆண்கள் அணியில் யாரும் இல்லை. வயநாட்டில் பையன்களோடு வயலில் ஆடி வளர்ந்து, 2023-ல் இந்திய அணிக்கு ஆடிய முதல் கேரளப் பெண் மின்னு மணி. செய்தியைக் கேட்ட அடுத்த வாரமே தம்பி மட்டையோடு வந்து இறங்கினான்.

“மக்ளே, இனி இது உனக்குள்ளதாக்கும்” என்று அவள் கையில் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்று இரவு மட்டை அவள் கட்டிலில் படுத்தது.

சமையலறைத் தராசில் வைத்தபோது 1,250 கிராம். மட்டைக்காரர்கள் கணக்கில் இரண்டு பவுண்டு பன்னிரண்டு அவுன்ஸ். முழு அளவு மட்டை, பெரியவர்கள் ஆடும் ‘ஷார்ட் ஹேண்டில்’. பிள்ளையின் உயரம் நான்கடி பத்தங்குலம்.

இரண்டு மாதத்தில் பயிற்சியாளர் என்னை மைதானத்துக்கு அழைத்துக் காட்டினார். நேராக வரும் பந்துகூட அவள் அடித்தால் லெக் பக்கம்தான் போகிறது. வலது கைக்காரருக்கு மட்டையை வழிநடத்த வேண்டியது மேலே பிடிக்கும் இடது கை. அவளுடைய இடது கை சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே இருந்த வலது கைதான் மட்டையைப் பந்துக்கு இழுத்து வந்தது. தூக்கும்போது மட்டை நேரே பின்னால் போகாமல் கல்லி பக்கம் சாய்ந்தது. இறங்கும்போது குறுக்கே வந்தது. “திறமை இல்லாமல் இப்படி ஆடவில்லை. அந்தக் கனத்தை எப்படியாவது பந்திடம் கொண்டுசேர்க்க அவள் உடம்பு கண்டுபிடித்த வழி இது. இன்னும் ஆறு மாதம் விட்டால் இதுதான் அவள் ஆட்டம்” என்றார். அன்று ராத்திரி முழங்கையில் தைலம் தடவ உட்கார்ந்தபோதுதான், வலி மூன்று வாரமாக இருக்கிறது என்று சொன்னாள். சொன்னால் மாமா பேட்டை வாங்கி வைத்துவிடுவார்களோ என்று மறைத்திருக்கிறாள்.

தம்பிக்குப் போன் செய்தேன்.

“அக்கா, டெண்டுல்கரு சின்ன வயசுல அண்ணன் பேட்டுலதான ஆடினாரு?” என்றான்.

இந்தியாவில் எந்த வீட்டிலும் இந்த வாதம் வரும். வாதம் பொய்யும் அல்ல. அண்ணன் அஜித்தின் பெரிய மட்டையைச் சமாளிக்கத்தான் கைப்பிடியின் அடியில் பிடிக்கப் பழகினேன் என்று சச்சினே எழுதியிருக்கிறார். பிடியை மாற்றச் சொன்னார்கள், முயன்றார், ஒத்துவரவில்லை. உச்சத்தில் இருந்த காலத்தில் அவர் தூக்கியது மூன்று பவுண்டுக்கும் மேல், அதாவது 1,360 கிராமுக்கும் அதிகம். 2004-ல் அவருக்கு டென்னிஸ் எல்போ வந்தபோது, 2005-ல் லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தபோது, எல்லோர் கண்ணும் அந்தக் கனத்தின் மேல்தான் விழுந்தது. லேசான மட்டைக்கு மாறிப் பார்த்தும் அவருக்குச் சரிவரவில்லை. பதினோரு வயதிலிருந்து அவருடைய வீச்சு முழுவதும் அந்த எடையைச் சுற்றியே கட்டப்பட்டிருந்தது. மறுபக்கம் பாருங்கள்: டெஸ்ட் ஆட்டத்தில் 99.94 சராசரி வைத்த பிராட்மன் ஆடியது இரண்டேகால் பவுண்டை ஒட்டிய மட்டைகளில். கிட்டத்தட்ட முக்கால் பவுண்டு வித்தியாசம். இருவருமே தத்தம் காலத்தின் தலைசிறந்த மட்டையாளர்கள். கனம்தான் ரன் எடுத்தது என்றோ, லேசுதான் எடுத்தது என்றோ இதிலிருந்து யாரும் நிரூபிக்க முடியாது. அவரவர் கைக்கு அவரவர் மட்டை ஒத்துப்போயிற்று என்று மட்டும் சொல்லலாம்.

இந்த ஒத்துப்போவதற்குக் கடைகளில் ‘பிக்-அப்’ என்று பெயர். மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் இந்தச் சொல் வெகுநாள் என்னைத் தொந்தரவு செய்திருக்கிறது. செய்தி நிறுவனம் ஒன்றுக்கு விளையாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும்போது ‘சமநிலை’ என்று போட்டால் வர்த்தகப் பற்றாக்குறை நினைவுக்கு வருகிறது. ‘தூக்கு எடை’ என்றால் யாரையோ தூக்கில் போடுவது போலிருக்கிறது. விடை எங்கள் ஊர்ச் சந்தையில் கிடந்தது. மண்வெட்டி வாங்கும் விவசாயி அதைத் தராசில் போடச் சொல்வதில்லை. கையில் எடுத்து, ஓங்கி, காற்றில் ஒருமுறை கொத்திப் பார்ப்பார். பிடித்திருந்தால் “கைக்கு வாகா இருக்கு” என்பார். வாகு: தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. எடை பொருளுக்கு உரியது, யார் தூக்கினாலும் மாறாது. வாகு என்பது பொருளும் அந்தக் கையும் சேர்ந்தால்தான் உண்டு.

மட்டை என்ற சொல்லே இதைத்தான் சொல்கிறது. இலங்கைத் தமிழர் இதைத் துடுப்பு என்கிறார்கள். படகை வலித்தவர்கள் வைத்த பெயர். நமக்கு மட்டை, தென்னை மட்டையிலிருந்து வந்தது. கேரளத்தில் அதையே மடல் என்கிறார்கள். தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு மடல் என்றதும் காதலி கிடைக்காதவன் ஏறும் பனைமடல் குதிரை நினைவுக்கு வரும். இங்குள்ள பிள்ளைகளுக்கு அது முதல் கிரிக்கெட் பேட். அடிப்பக்கம் அகலம், மேலே ஒல்லி. இரண்டு வெட்டு வெட்டினால் கைப்பிடி. பச்சை மட்டை கனக்கும். நன்றாகக் காய்ந்தது லேசாக இருக்கும், நாலு அடியில் நார் நாராகப் பிரியும். பாதி காய்ந்ததைத்தான் பையன்கள் தேடுவார்கள். எடுத்த மட்டையை வீசிப் பார்த்து, கனமாக இருந்தால் அடியில் ஒரு துண்டு நறுக்குவார்கள். கையை நம்பி மட்டை தேரும் இந்த அறிவு எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது. கடைக்குள் நுழைந்து, மட்டையில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஆட்டக்காரரின் ஸ்டிக்கரைப் பார்த்ததும் அது மறந்துபோகிறது.

அடியில் ஏன் நறுக்க வேண்டும்? துடைப்பத்தை நுனியில் பிடித்து நீட்டிப் பாருங்கள், பிறகு நடுவில் பிடித்து நீட்டுங்கள். அதே துடைப்பம், அதே எடை. கைக்கு இரண்டும் ஒன்றல்ல. கனம் கையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பாரம். சுழற்றும்போது இது இன்னும் கடுமை: கனத்தின் தூரம் இரட்டித்தால் சுழற்றத் தேவைப்படும் முயற்சி நான்கு மடங்கு. ஆகவே 1,150 கிராம் மட்டை ஒன்று அடிப்பாகம் பருத்திருந்தால், மேல்பாகம் பருத்த 1,200 கிராம் மட்டையைவிடக் கனமாகத் தோன்றலாம். கைப்பிடியில் இன்னொரு ரப்பர் உறை மாட்டினால் மொத்த எடை கூடும், தூக்கினாலோ லேசாக இருக்கும். கூடிய எடை கைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், மட்டையின் நடுப்புள்ளி கையை நோக்கி நகர்கிறது. மேற்கிந்தியத் தீவுகளின் கிளைவ் லாயிட் தன் கனத்த மட்டையின் கைப்பிடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல உறைகளை மாட்டி ஆடியவர்.

இதற்கு நேரெதிரான சோதனையைச் சென்னை ரசிகர்கள் பார்த்திருக்கிறார்கள். 2010 ஐ.பி.எல்.லில் சென்னை சூப்பர் கிங்ஸின் மாத்யூ ஹேடன் ‘மங்கூஸ்’ என்ற விசித்திர மட்டையோடு இறங்கினார். கைப்பிடி நீளம், அடிக்கும் பலகை குட்டை, கனம் மொத்தமும் கீழே. டெல்லிக்கு எதிராக 43 பந்தில் 93 ரன். பலகை குட்டையானதால் தடுத்து ஆட ஏற்றதல்ல. வாங்கி விளாசுவதற்கு மட்டும் ஆன ஆயுதம். ஹேடனின் தோளுக்கு அது சரி. ஊரெல்லாம் அதற்கு மாறிவிடவில்லை.

எர்ணாகுளம் கடையில் நானும் மகளும் ஒரு மத்தியானம் முழுக்க நின்றோம். விற்பனையாளர் வழக்கமான வாக்கியத்தோடு தொடங்கினார்: “குட்டி வளர்ந்நோளும், சேச்சி.” பிள்ளை வளர்ந்துவிடும், பெரிதாகவே எடுங்கள் என்கிறார். மொழி மாறினாலும் கணக்கு மாறுவதில்லை. பயிற்சியாளர் சொல்லி அனுப்பிய பாடத்தை நான் கையில் வைத்திருந்தேன். மற்ற பெற்றோருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் உயரம். சிறுவர் மட்டைகள் 1 முதல் 6 வரை எண்ணிடப்பட்டவை. அதற்கு மேல் ‘ஹாரோ’, பிறகுதான் முழு அளவு. நான்கடி பத்தங்குலத்துக்கு 5-ஆம் எண் பொருந்தும். அடுத்தது எடை, ஆனால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மட்டை மரம், ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலையுள்ள இரண்டு மட்டைகள் நாற்பது ஐம்பது கிராம் வேறுபடலாம். ஆகவே ஒன்றைப் பார்த்து எடுக்காமல் நாலைந்தை இறக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது, மேல் கைச் சோதனை. மேலே பிடிக்கும் கையால் மட்டும் மட்டையைப் பின்னால் தூக்கி நிறுத்திப் பத்து எண்ண வேண்டும். அதற்குள் முழங்கை தாழ்ந்தாலோ, மட்டையின் முகம் திரும்பினாலோ அது கனம். கடைசியாக, பலகையை ஒரு விரலில் கிடையாக நிறுத்தி, எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. ஒரே எடையுள்ள இரண்டில் எது கைப்பிடிக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அது கைக்கு லேசு.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகை. இங்கிலாந்திலிருந்து மரத்துண்டுகளாக வந்து மீரட்டிலும் ஜலந்தரிலும் மட்டையாகும் இங்கிலீஷ் வில்லோ ஒன்று. 1947 பிரிவினைக்குப் பின் சியால்கோட்டிலிருந்து வந்த விளையாட்டுப் பொருள் தொழிலாளர்கள் வேரூன்றிய நகரங்கள் அவை. மற்றது காஷ்மீர் வில்லோ. அனந்த்நாக் மாவட்டத்தில் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையை ஒட்டிய சங்கம், ஹல்முல்லா ஊர்களில் சாலையோரமெல்லாம் அடுக்கி உலர்த்தியிருப்பார்கள். காஷ்மீர் மரம் பொதுவாகச் சற்றுக் கனம், விலை பல மடங்கு குறைவு. ஒவ்வொரு வருடமும் வளரும் பிள்ளைக்கு, அளவு சரியான காஷ்மீர் மட்டை போதும். அளவு தவறிய இங்கிலீஷ் மட்டையைவிட அதில்தான் அவள் ஆட்டம் கற்பாள்.

ஆறு மட்டைகளை அவள் தூக்கினாள். ஐந்தாவதில் பத்து எண்ணி முடித்தும் கை நின்றது. 960 கிராம். மாமாவின் மட்டைக்கும் இதற்கும் 290 கிராம் வித்தியாசம்; பெண்கள் ஆட்டத்தின் பந்து 140 முதல் 151 கிராம் வரை என்பதால், சரியாக இரண்டு பந்து எடை. ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு பந்தைக் கூடுதலாகச் சுமந்து ஆடியிருக்கிறாள். “நல்லா இருக்கும்மா” என்றாள். பிறகு, “மாமாகிட்ட யார் சொல்றது?” என்றாள்.

மட்டை வாங்கும் எந்தக் கையேட்டிலும் இல்லாத எடை இது. பரணிலிருந்து இறக்கி, ஆளிவிதை எண்ணெய் பூசி, மடியில் வைத்து ரயிலில் ஆறேழு மணி நேரம் கொண்டுவந்த பொருளைக் கனம் என்று சொல்லித் திருப்பித் தருவது எப்படி? போனில் சொன்னபோது தம்பி சண்டை போடவில்லை. “சரி அக்கா” என்று வைத்துவிட்டான். அவன் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓணத்துக்கு வந்தான். வந்ததும் அவளுடைய புது மட்டையைக் கையில் வாங்கிச் சுழற்றிப் பார்த்து, விளையாட்டுச் சாமான் போல இருக்கிறது என்றான். சாயங்காலம் மூவரும் மைதானத்துக்குப் போனோம். அவன் பந்து போட, அவள் ஆடினாள். நாலாவது பந்து அவனைத் தாண்டி நேராகப் போயிற்று. அவன் திரும்பி அது போன வழியையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் பழைய மட்டையை எடுத்து, பிள்ளையைப் பந்து போடச் சொன்னான். முதல் பந்து தாமதம். இரண்டாவதும் தாமதம். மூன்றாவதில் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நமக்கே கனக்குது அக்கா” என்றான். இருபத்திரண்டு வயதில் முதல் சம்பளத்தில் வாங்கிய மட்டை. நாற்பத்து மூன்றில் அவனுடைய கையும் வேறாகிவிட்டது. மட்டை மட்டும் அதே 1,250 கிராம்.

மாவட்ட அளவிலான பதினைந்து வயதுக்குட்பட்டோர் தேர்வுக்கு அவள் போனாள். தேர்வாகவில்லை. பதினேழு ரன் எடுத்தாள். அதில் இரண்டு அடி பந்துவீச்சாளரைத் தாண்டி நேராகப் போனவை. பன்னிரண்டு வயதுக்கு அது போதும் என்றார் பயிற்சியாளர். முழங்கை வலி இப்போது இல்லை.

தம்பி மட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. இங்கேயே இருக்கட்டும் என்றான். புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்காமல் துணியைப் பிரித்து வைத்திருக்கிறோம். அவளும் மாமாவும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு, அந்த மட்டையை இடது கையால் மட்டும் தூக்கி நிறுத்தி எண்ண வேண்டும். மாமா போனில் கேட்டுக்கொண்டிருப்பான். பத்து வரும் நாளில் மட்டை அவளுக்கு. போன மாதம் ஆறு வந்தது.